கீட்டோவில் வாய்க்கு ஒரு வாசனை, அக்குளுக்கு ஒரு வாசனை

கேள்வி: "எனக்கு வயது 41. ஐந்து வாரமாக, மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ டயட்டில் இருக்கிறேன். எடை நன்றாகவே இறங்குகிறது. ஆனால் முதல் வாரத்திலிருந்தே என் வாயில் நெயில் பாலிஷ் ரிமூவர் வாசனை அடிப்பதாக மனைவி சொல்கிறாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நாளுக்கு நான்கு முறை பல் தேய்க்கிறேன், மவுத்வாஷ் கொப்பளிக்கிறேன், பலனில்லை. இப்போது அக்குள் நாற்றமும் கூடிவிட்டது. துவைத்த டீஷர்ட்கூட ஜிம்மில் பத்து நிமிடத்தில் நாற ஆரம்பிக்கிறது. உடற்பயிற்சி முடிகிற நேரத்தில் வியர்வையில் அமோனியா நெடி வேறு. அலுவலகத்தில் யார் பக்கத்திலும் உட்காரக் கூச்சமாக இருக்கிறது. 'கொழுப்பு கரைகிறது என்பதற்கு அடையாளமே இந்த வாசனைதான், பொறுத்துக்கொள்' என்கிறார் நண்பர். உண்மையா? எப்போது போகும்? போகாவிட்டால் டயட்டை விட்டுவிடலாமா? சர்க்கரை லேசாக இருப்பதால் காலையில் ஒரு மாத்திரை போடுகிறேன், மற்றபடி ஆரோக்கியமாகவே இருக்கிறேன்."

அன்புள்ள வாசகருக்கு,

வணக்கம். நாற்றத்தைப் பற்றி இவ்வளவு விவரமாக எழுதிவிட்டு, கடைசி வரியில் போகிற போக்கில் ஒரு மாத்திரையைச் சொல்லியிருக்கிறீர்கள். உணவு ஆலோசகராக நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மற்றவை எல்லாம் கொஞ்சம் காத்திருக்கலாம், இது காத்திருக்கக் கூடாது.

மாத்திரை அட்டையைத் திருப்பி, சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள். அது 'ஃப்ளோசின்' என்று முடிகிறதா? டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின், கனாக்ளிஃப்ளோசின் எல்லாம் இந்த வகை. இரண்டு மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரையாக இருந்தால் இரண்டு பெயரையும் படியுங்கள், இரண்டாவதாக ஒளிந்திருக்கலாம். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைச் சிறுநீரகம் வழியாக வெளியே தள்ளுவதுதான் இந்த மாத்திரைகளின் வேலை. சர்க்கரை வெளியேறுவதால் உடலில் இன்சுலின் சுரப்பு குறைகிறது, அதற்கு எதிராக வேலை செய்யும் குளுக்ககான் என்ற ஹார்மோன் கூடுகிறது, கல்லீரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோன்கள் என்ற பொருள்களை அதிகமாகத் தயாரிக்கிறது. இதற்கு மேல் மாவுச்சத்தையும் நீங்கள் நிறுத்திவிட்டால், கீட்டோன் உற்பத்திக்கு இரண்டு பக்கமிருந்தும் தூண்டுதல் கிடைக்கிறது. கீட்டோன்கள் அளவு மீறிச் சேர்ந்து ரத்தம் அமிலமாகிவிடும் நிலைக்குக் கீட்டோஅசிடோசிஸ் என்று பெயர். இந்த மாத்திரைகளோடு அப்படி நடக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-லேயே எச்சரித்திருக்கிறது.

இதில் ஏமாற்றுகிற விஷயம் ஒன்று உண்டு. வழக்கமான கீட்டோஅசிடோசிஸில் சுகர் தாறுமாறாக ஏறியிருக்கும், குளுக்கோமீட்டரைப் பார்த்ததும் பதறி ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். இந்த மாத்திரை போடுபவர்களுக்கு சுகர் 250 மில்லிகிராமுக்குக் கீழேயே, சிலருக்குக் கிட்டத்தட்ட சாதாரண அளவிலேயே இருக்கும்போதுகூட வரலாம். "சுகர் நார்மல்தானே" என்று வீட்டிலேயே படுத்திருந்துவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. ஆகவே மீட்டரை நம்பி உட்கார வேண்டாம். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, காரணமில்லாத கடும் சோர்வு, ஓடி வந்தவர் போல ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்குவது, பேச்சில் குழப்பம். இவற்றில் எது வந்தாலும் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். போனதும் மாத்திரையின் பெயரையும் கீட்டோவில் இருப்பதையும் முதலில் சொல்லிவிடுங்கள். அங்கே ரத்தத்தில் கீட்டோன் பார்ப்பார்கள்.

அட்டையில் 'ஃப்ளோசின்' இருந்தால் இன்றே கீட்டோவை நிறுத்துங்கள். ஒரு வேளைக்குச் சோறோ ரொட்டியோ பழமோ சேர்த்துச் சாப்பிடுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. மாத்திரையை நிறுத்துவதா, மாற்றுவதா என்பது மட்டும் உங்கள் மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு. ஒரு போன் போட்டால் போதும். மாத்திரை வேறு வகையாக இருந்தாலும் அந்த போனைத் தவிர்க்காதீர்கள். இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டு மாவுச்சத்தைச் சட்டென்று குறைத்தால் சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மெட்ஃபார்மின் மட்டும்தான் என்றால் அந்தப் பயம் குறைவு, ஆனாலும் சொல்லிவிட்டுச் செய்வதே முறை.

சரி, இனி வாசனைக்கு வருவோம்.

உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது நீங்கள் ஒரே நாற்றத்தைப் பற்றிப் பேசுவதாகத்தான் முதலில் தோன்றும். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. எனக்கு அதில் மூன்று தனித்தனி வாசனைகள் தெரிகின்றன. மூன்றும் வெவ்வேறு இடத்திலிருந்து வருகின்றன, மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. எல்லாப் பழியையும் கீட்டோன் மேல் போட்டதால்தான் நான்கு முறை பல் தேய்த்தும் பலனில்லாமல் போயிருக்கிறது.

மனைவி சொல்லும் நெயில் பாலிஷ் ரிமூவர் வாசனையில் அவர் மூக்கு துல்லியமாகவே வேலை செய்திருக்கிறது. பல ரிமூவர்களில் இருப்பது அசிட்டோன், உங்கள் மூச்சில் வருவதும் அதே அசிட்டோன்தான். மாவுச்சத்து நாளுக்கு 50 கிராமுக்குக் கீழே, பலர் செய்வதுபோல 20 கிராமுக்குக் கீழே போனால், கல்லீரலில் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை இருப்பான கிளைக்கோஜன், சுமார் 100 கிராம், ஒன்றிரண்டு நாளில் கரைந்துவிடும். அப்புறம் கல்லீரல் கொழுப்பு அமிலங்களை உடைத்துக் கீட்டோன்களாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட், அசிட்டோஅசிட்டேட் இரண்டும் மூளைக்கும் தசைக்கும் எரிபொருள். இதில் அசிட்டோஅசிட்டேட் கொஞ்சம் நிலையற்றது. எந்த நொதியின் உதவியும் இல்லாமல் ஒரு பகுதி தானாகவே உடைந்து அசிட்டோன் ஆகிவிடுகிறது. அசிட்டோனின் கொதிநிலை வெறும் 56 டிகிரி செல்சியஸ். அவ்வளவு எளிதில் ஆவியாகும் பொருள் ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போனால் மூச்சோடு வெளியேறாமல் என்ன செய்யும்? கொஞ்சம் சிறுநீரிலும், மிகக் கொஞ்சம் தோல் வழியாகவும் போகும்.

ஆக, அந்த வாசனை வாயில் உருவாகவில்லை. ரத்தத்திலிருந்து வருகிறது. பிரஷ்ஷும் மவுத்வாஷும் அதைத் தொடக்கூட முடியாது. சாதாரணமாகச் சாப்பிடுபவரின் மூச்சுக்காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவில்தான் அசிட்டோன் இருக்கும். கீட்டோவில் இருக்கும் பெரியவர்களுக்கு அது 40 பங்குவரை போகலாம். உங்களுக்கு ஏன் தெரியவில்லை என்றால், ஒரு வாசனை நாள் முழுக்க மூக்கில் பட்டுக்கொண்டே இருந்தால் மூளை அதைக் கணக்கில் எடுப்பதை விட்டுவிடுகிறது. இந்த விஷயத்தில் மனைவி சொல்வதுதான் சரியான ரிப்போர்ட்.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் அல்ல. நீரிழிவு முற்றி மயங்கிக் கிடந்த ஒருவரின் சிறுநீரில் அசிட்டோன் இருப்பதை 1857-லேயே கண்டிருக்கிறார்கள். கீட்டோ உணவுமுறைக்கே நூறு வயது தாண்டிவிட்டது. 1921-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர் வலிப்பு நோய்க்காக வகுத்த உணவு அது. எடை குறைப்புக்கு வந்து சேர்ந்தது வெகு காலம் கழித்துத்தான்.

மூச்சில் அசிட்டோன் என்பது எவ்வளவு நிஜமானது என்பதற்கு ஒரு சம்பவம். 2007-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஒரு மருத்துவ இதழில் எழுதியது. 59 வயதுக்காரர் ஒருவர் மிகக் குறைந்த கலோரி உணவில் எடை குறைத்துக்கொண்டிருந்தார். அவர் ஓட்டவிருந்த காரில், ஊதிப் பார்த்துக் குடிக்கவில்லை என்று உறுதியானால் மட்டும் இன்ஜினை இயங்கவிடும் கருவி பொருத்தப்பட்டிருந்தது. ஊதினார், வண்டி கிளம்பவில்லை. இத்தனைக்கும் அவர் மதுவே தொடாதவர். உடலில் சேர்ந்த அசிட்டோனில் ஒரு பகுதி ஐசோபுரோபனால் என்ற ஆல்கஹாலாக மாறியிருக்க வேண்டும், கருவி அதைச் சாராயக் கணக்கில் சேர்த்துவிட்டது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். எல்லாக் கருவிகளும் இப்படி ஏமாறுவதில்லை. ஆனால் மூச்சைப் பரிசோதிக்கிற வேலையில் இருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி. அசிட்டோன் வாசனை வந்தால் உடல் கீட்டோசிஸில், அதாவது கீட்டோன்களை எரிபொருளாகப் பயன்படுத்தும் நிலையில், இருக்கிறது என்று சொல்லலாம். உடம்பிலிருக்கும் கொழுப்புதான் கரைகிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. தட்டில் வைத்துச் சாப்பிட்ட வெண்ணெயும் சீஸும் அதே கல்லீரலில் அதே கீட்டோன்களாகத்தான் மாறுகின்றன. தேவைக்கு மேல் கொழுப்பைச் சாப்பிட்டு, எடை ஒரு கிராம்கூட இறங்காமல், வாயில் மட்டும் ரிமூவர் மணக்க நடமாடுகிறவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வாசனை போய்விட்டால் "கீட்டோசிஸிலிருந்து வெளியே வந்துவிட்டேனோ" என்று பயந்து, இருக்கிற கொஞ்சம் காய்கறியையும் நிறுத்துகிறவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாத வேலை. சிறுநீர் ஸ்ட்ரிப் வைத்துத் தினமும் நிறம் பார்ப்பதும் அப்படித்தான். அது அசிட்டோஅசிட்டேட்டை மட்டுமே காட்டும். ரத்தத்தில் அதிகமாக இருக்கும் பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட் அதற்குத் தெரியாது. தண்ணீர் அதிகம் குடித்தாலே நிறம் வெளிறிவிடும்.

எப்போது போகும் என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலோருக்கு முதல் சில நாட்களில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் தணிந்துவிடுகிறது. சிலருக்கு மங்கலாக நீடிக்கும், ஏனென்றால் கீட்டோசிஸில் இருக்கும்வரை அசிட்டோன் கொஞ்சமாவது உண்டாகிக்கொண்டேதான் இருக்கும். சர்க்கரை நோயோ வேறு உபாதையோ இல்லாத ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், 20 கிராமில் இருக்கும் மாவுச்சத்தை 40, 50 கிராமுக்கு ஏற்றிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். பலருக்கு அதிலேயே வாசனை அடங்கிவிடும், எடையும் தொடர்ந்து இறங்கும். அவருடைய கணையம் இன்சுலின் சுரப்பதால் கீட்டோன்கள் ஓர் அளவுக்கு மேல் போகாமல் உடலே பிரேக் போடும். ரத்தத்தில் 0.5-லிருந்து 3 மில்லிமோல்வரை நிற்கும். 3-க்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும். உங்களுடைய பிரேக் எப்படி இருக்கிறது என்று தெரியாததால்தான் மாத்திரையில் தொடங்கினேன்.

மூச்சில் அசிட்டோன் இருக்கிறது என்பதற்காக வாயில் வேறு நாற்றமே இல்லை என்று ஆகிவிடாது. கீட்டோவின் முதல் வாரத்தில் இறங்கும் எடையில் பெரும் பகுதி தண்ணீர். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அது கரையும்போது தண்ணீரும் போய்விடும். வாய் வறளும், உமிழ்நீர் குறையும். உமிழ்நீர் குறைந்த வாயில், நாக்கின் பின்பகுதியில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் புரதத்தை உடைத்துக் கந்தக வாயுக்களை விடும். அழுகின முட்டை வாடை என்று சொல்கிறோமே, அது. சாதாரணமாக வாய் நாற்றம் என்று வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் காரணம் வாய்க்குள்ளேதான் இருக்கும்.

எது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பு, வாயை இறுக்க மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். மனைவி ஒரு சாண் தூரத்தில் நின்று முகர்ந்து பார்க்கட்டும். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு வாய் வழியாக விடுங்கள். மூக்கு மூச்சிலும் அதே ரிமூவர் வாசனை இருந்தால் அது நுரையீரலிலிருந்து வருகிறது. மூக்கில் ஒன்றுமில்லை, வாயில் மட்டும் துர்வாடை என்றால் நாக்கையும் ஈறையும் கவனிக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: முந்தின இரவு பூண்டு சாப்பிட்டிருந்தால் இந்தச் சோதனை குழப்பும். பூண்டிலுள்ள கந்தகச் சேர்மம் ஒன்று குடலில் உறிஞ்சப்பட்டு, ரத்தம் வழியாக நுரையீரலுக்கு வந்து மறுநாள்வரைகூட மூக்கு மூச்சில் அடிக்கும். (இந்தச் சோதனைக்கு ஒப்புக்கொள்ளும் மனைவி கிடைத்திருப்பதே பெரிய விஷயம். அதை அவரிடம் சொல்லியும் விடுங்கள்.)

நாக்குதான் என்று தெரிந்தால் பல் தேய்ப்பதை இரண்டு முறையாகக் குறைத்துவிட்டு, டங் கிளீனரை நாக்கின் பின்பகுதிவரை கொண்டுபோங்கள். பல்லிடுக்குகளை நூலால் சுத்தம் செய்யுங்கள். நீங்கள் கொப்பளிக்கும் மவுத்வாஷில் ஆல்கஹால் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது வாயை இன்னும் உலர்த்திவிடும், மாற்றிவிடுங்கள். சர்க்கரையில்லாத சூயிங்கம் மெல்வது உமிழ்நீரைச் சுரக்க வைக்கும், அசிட்டோனையும் கொஞ்ச நேரம் மறைக்கும். வீட்டில் நாய் இருந்தால் மட்டும் அந்த டப்பாவை எட்டாத இடத்தில் வையுங்கள். இத்தகைய சூயிங்கம் பலவற்றில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால் நாய்களுக்கு விஷம்.

அடுத்தது அக்குள். இங்கே கீட்டோனுக்குப் பெரிய பங்கில்லை என்பது என் கருத்து. உடல் முழுக்க இருக்கும் சாதாரண வியர்வைச் சுரப்பிகள் வெளிவிடுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். அக்குளிலும் தொடை இடுக்கிலும் இருப்பது வேறு வகைச் சுரப்பி. அதிலிருந்து வருவது கொழுப்பும் புரதமும் கலந்த, கிட்டத்தட்ட மணமே இல்லாத ஒரு திரவம். அங்கே வாழும் பாக்டீரியாக்கள் அதை உடைக்கும்போதுதான் நாம் நாற்றம் என்று சொல்லும் அமிலங்களும் கந்தகச் சேர்மங்களும் பிறக்கின்றன. யாருக்கு எவ்வளவு நாறும் என்பதில் மரபணுவுக்கும் கை உண்டு. ஏபிசிசி11 என்ற மரபணுவின் ஒரு வடிவம் இருப்பவர்களுக்கு அக்குள் நாற்றமே மிகக் குறைவு, காதுக் குறும்பியும் உலர்ந்து இருக்கும். கிழக்கு ஆசியாவில் அது பரவலாக உண்டு.

இதில் டயட் எங்கே வருகிறது? இந்த விஷயத்தில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ப்ராகில் 2006-ல் 17 ஆண்களை இரண்டு வாரம் இறைச்சியோடும், இன்னொரு இரண்டு வாரம் இறைச்சி இல்லாமலும் சாப்பிட வைத்து, அக்குளில் வைத்த பஞ்சைப் பெண்களிடம் முகரக் கொடுத்தார்கள். இறைச்சி இல்லாத வாரங்களின் வாசனைக்குத்தான் மதிப்பெண் அதிகம். அப்படியானால் கீட்டோவில் நாற்றம் கூடும் என்று தோன்றுகிறதல்லவா? 2017-ல் ஆஸ்திரேலியாவின் மாக்வாரி பல்கலைக்கழகத்தில் வெளிவந்த ஆய்வு இதைக் கொஞ்சம் குலைக்கிறது. காய்கறி, பழம் அதிகம் சாப்பிட்ட ஆண்களின் வியர்வை இனிமையாக மணந்தது என்று கண்டார்கள், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் மாவுச்சத்து அதிகம் சாப்பிட்டவர்களின் வியர்வைதான் கடுமையாகவும் விரும்பத்தகாததாகவும் இருந்தது. இறைச்சியும் முட்டையும் அந்த ஆய்வில் குற்றவாளிகளாக நிற்கவில்லை. இரண்டுமே சிறிய ஆய்வுகள். நான் இவற்றிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: கீட்டோ என்ற பெயரில் காய்கறியைத் தட்டிலிருந்து விரட்டிவிடாதீர்கள். கீரை, காலிஃபிளவர், வெள்ளரி, குடைமிளகாய் எல்லாம் மாவுச்சத்துக் கணக்கில் தாராளமாக அடங்கும்.

உங்கள் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் டயட்டைவிட டீஷர்ட் மேல்தான். "துவைத்த டீஷர்ட்கூடப் பத்து நிமிடத்தில் நாறுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது பாலியஸ்டர் என்று ஊகிக்கிறேன், ஜிம் துணிகள் பெரும்பாலும் அதுதான். டயட்டும் ஜிம்மும் பெரும்பாலோர் ஒரே வாரத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள், பழி மட்டும் டயட்டுக்குப் போய்விடுகிறது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் 26 பேரை மூச்சு முட்டச் சைக்கிள் மிதிக்கவைத்து, அவர்கள் போட்டிருந்த டீஷர்ட்களை மறுநாள் முகர்ந்து பார்த்தார்கள். பருத்தியைவிடப் பாலியஸ்டரில் நாற்றம் அதிகம், மைக்ரோகாக்கஸ் என்ற நாற்ற பாக்டீரியா பாலியஸ்டரில் செழித்து வளர்ந்திருந்தது. உடலின் எண்ணெய்ப் பிசுக்கைப் பாலியஸ்டர் எளிதில் விடுவதில்லை. துவைத்துக் காயவைத்த பிறகும் இழையில் கொஞ்சம் மிச்சமிருக்கும், மறுபடி உடல் சூடு பட்டதும் வாசனை எழும்பிவிடும். ஒரு வாரம் பருத்தி பனியன் போட்டுக்கொண்டு ஜிம்முக்குப் போய்ப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது. பழைய துணிகளை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி, சோப்புத்தூள் கரைத்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துத் துவையுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம், அது இழைமேல் படலமாகப் படிந்து நாற்றத்தை உள்ளேயே பூட்டிவிடும். ஈரத்துணியை ஜிம் பைக்குள் சுருட்டி வைத்து மறுநாள் எடுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள்.

அக்குளுக்குச் செய்ய வேண்டியது எளிது. டியோடரண்ட் வாசனையை மறைக்கும், ஆன்டிபெர்ஸ்பிரண்ட்தான் வியர்வையையே குறைக்கும். டப்பாவில் அலுமினியம் உப்பு போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதைக் காலையில் குளித்த ஈரத்தோடு பூசுவதைவிட, இரவு படுக்கும் முன் நன்றாக உலர்ந்த தோலில் பூசினால் வேலை செய்யும். அப்படியும் அடங்காவிட்டால், முகப்பருவுக்கு விற்கும் பென்சாயில் பெராக்சைடு வாஷை வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் அக்குளில் தேய்த்து, ஒன்றிரண்டு நிமிடம் விட்டுக் கழுவுங்கள். பாக்டீரியா எண்ணிக்கை குறையும். எரிச்சல் இருந்தால் நிறுத்திவிடுங்கள். நிறத்துணியில் பட்டால் வெளுத்துவிடும், அதனால் துடைக்க வெள்ளைத் துண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அமோனியா நெடி. இது பெரும்பாலும் புரதக் கணக்கு. கீட்டோ என்பது கொழுப்பு அதிகம், புரதம் மிதம், மாவுச்சத்து மிகக் குறைவு என்ற அமைப்பு. ஆனால் நடைமுறையில் பலர் கொழுப்புக்குப் பயந்துகொண்டு முட்டை, கோழி, புரதப் பவுடர் என்று அடுக்கிவிடுகிறார்கள். புரதத்தை எரிபொருளாக எரிக்கும்போது அதிலுள்ள நைட்ரஜன் அமோனியாவாகி, கல்லீரலில் யூரியாவாக மாறி, சிறுநீரிலும் வியர்வையிலும் வெளியேறுகிறது. கிளைக்கோஜன் இல்லாத உடம்போடு கடுமையாகப் பயிற்சி செய்தால் தசை, அமினோ அமிலங்களை இன்னும் கூடுதலாக எரிக்கும். அதனால்தான் பயிற்சியின் முடிவில் அந்த நெடி அடிக்கிறது. எடைப் பயிற்சி செய்கிறவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் போதும். நீங்கள் சாப்பிடுவதை ஒரு நாள் எழுதிக் கூட்டிப் பாருங்கள், எண்ணிக்கை ஆச்சரியப்படுத்தலாம். தண்ணீர் கூடுதலாகக் குடியுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்பதே அளவுகோல்.

தண்ணீரும் குடித்து, புரதமும் சரியாகி, ஜிம்முக்குப் போகாத நாளிலும் மூச்சில் அமோனியாவோ சிறுநீர் வாடையோ அடித்தால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். சர்க்கரை இருப்பவர் என்பதால் எப்படியும் நீங்கள் வருடம் ஒருமுறை கிரியேட்டினினும் சிறுநீர் ஆல்புமினும் பார்க்க வேண்டியவர்தான். கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

கீட்டோவால் பிறப்புறுப்பில் நாற்றம் வருமா என்று பெண் வாசகர்கள் சிலர் தயங்கித் தயங்கிக் கேட்பதுண்டு. 2019 வாக்கில் ஊடகங்களில் இதற்கு ஒரு பெயரே சூட்டிப் பரபரப்பாக்கினார்கள். அதற்கு உருப்படியான ஆதாரம் எதுவும் வரவில்லை. மீன் வாடையோடு வெள்ளைப்படுதல் இருந்தால் அது பெரும்பாலும் பாக்டீரியா தொற்று, மாத்திரையில் குணமாகும். டயட்டைக் காரணம் காட்டித் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

டயட்டை விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். 'ஃப்ளோசின்' மாத்திரை என்றால் பதிலை மேலேயே சொல்லிவிட்டேன். வேறு மாத்திரை என்றாலும் என் யோசனை, கீட்டோவின் கறாரை விட்டுவிட்டு, நாளுக்கு 100 கிராம் சுமாருக்கு மாவுச்சத்து வைத்துக்கொண்டு, மொத்த அளவைக் கவனித்துச் சாப்பிடுவது. அந்த அளவில் கீட்டோசிஸ் பெரும்பாலும் இருக்காது, அசிட்டோன் வாசனையும் சில நாளில் போய்விடும், சுகரும் கட்டுக்குள் நிற்கும். எடை முன்போல வேகமாக இறங்காது. ஐந்து வாரத்தில் இறங்கியதில் தண்ணீரும் சேர்த்தி என்பதால், ஒன்றிரண்டு கிலோ திரும்ப ஏறினால் கலங்க வேண்டாம். கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், டைப் 1 சர்க்கரை உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் யாரும் தாமாகக் கீட்டோவில் இறங்கவே கூடாது. தாய்ப்பால் கொடுக்கும்போது மாவுச்சத்தைக் குறைத்துக் கீட்டோஅசிடோசிஸில் போய் நின்ற பெண்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

வாரத்தில் ஐந்து நாள் கீட்டோ, இரண்டு நாள் விருந்து என்று மாறி மாறிப் போகிறவர்கள் வாசனை போகவே இல்லை என்று புலம்புவார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் உடல் முதல் நாளிலிருந்து தொடங்கினால் எப்படிப் போகும்? இருந்தால் ஒழுங்காக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மிதமான முறைக்கு வந்துவிட வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை வியர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு. கீட்டோவில் இருக்கும்போது முதுகு, மார்பு, கழுத்துப் பகுதியில் அரிப்போடு சிவந்த தடிப்புகள் வந்து, வலை போட்டதுபோலப் பழுப்புத் தழும்பாக மாறினால் அது பெரும்பாலும் ப்ரூரிகோ பிக்மென்டோசா. 1971-ல் ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்ட தோல் பிரச்சினை இது, கீட்டோசிஸோடு தொடர்புடையது. சாதாரண அரிப்புக் களிம்புக்கு அது பெரிதாக அசையாது. மாவுச்சத்தைத் திரும்பச் சேர்த்தாலே பலருக்கு அடங்கிவிடும். அடங்காவிட்டால் டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரையைத் தோல் மருத்துவர் எழுதிக்கொடுப்பார்.